கம்பஞ்சோறு எங்கே போச்சு? குரும்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சமையல் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்குப் பேசப்போறது சாப்பாட்டைப் பற்றி. குறிப்பா, ‘ஆறுதல் சாப்பாடு’ன்னு நாம சொல்றோமே, மனசு சரியில்லாத நாள்ல தேடுற அந்தச் சாப்பாடு. அது ஒரு ஊர்ல இருந்து எப்படிக் காணாமப் போகுதுங்கறதைப் பற்றி.

கொஞ்ச நாளா ஆமிஷ் சமையல் வீடியோக்கள் நிறையப் பேர் பார்க்கிறீங்கன்னு தெரியும். தெரியாதவங்களுக்குச் சுருக்கமாச் சொல்றேன். ஆமிஷ் என்பது ஒரு கிறிஸ்தவச் சமூகம். 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறியவர்கள். இன்னும் குதிரை வண்டி ஓட்டுவாங்க, கரன்ட் லைன் வீட்டுக்குள்ள வராது. அவங்க சமையல்ல ஒரு காலை உணவு இருக்கு. மக்காச்சோள மாவை உப்புத் தண்ணியில போட்டுக் கெட்டியாகிற வரைக்கும் கிண்டுவாங்க. அதை ஒரு பாத்திரத்துல ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சிருவாங்க. காலையில அது இறுகி இருக்கும். துண்டு போட்டு, வாணலியில பொரிச்சு, மேல பாகு ஊத்திச் சாப்பிடுவாங்க.

இதைப் பார்த்ததும் எனக்குத் தோணினது: அட, இது களிதானே! பொரிக்கிறதும் பாகும்தான் புதுசு. மீதியெல்லாம் எங்க ஊர் அடுப்புல நடந்ததுதான்.

எங்க ஊர்னு நான் சொல்றது குரும்பலூர்ப் பக்கம். பெரம்பலூரிலிருந்து துறையூர் போற ரோட்டுல இருக்கிற பேரூராட்சி. காவிரி டெல்டா மாதிரி வாய்க்கால் வயல் கிடையாது. ஏரியும் கிணறும் இருக்கிற இடத்துல கொஞ்சம் நெல்லு. மத்தபடி செம்மண்ணும் கரிசலும், வானத்தைப் பார்த்துப் பயிர் பண்ற மானாவாரிக் காடும்தான். அந்தக் காட்டில் ஒரு காலத்தில் விளைந்தவை கம்பு, சோளம், வரகு, கேழ்வரகு. ஊடுபயிராக மொச்சை, துவரை, தட்டப்பயறு. அதனால ஊரோட சாப்பாடும் அதுதான். கம்பஞ்சோறு, சோளச்சோறு, வரகரிசிச் சோறு, கேழ்வரகுக் களி, கூழ். தொட்டுக்கப் புளிச்சக்கீரைக் கடையல், மொச்சைக்கொட்டைக் குழம்பு, கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. ஒண்ணுமே இல்லேன்னா சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்தா.

கவனிச்சீங்களா? ‘சோறு’ன்னு சொன்னா இன்னைக்கு நமக்கு அரிசி மட்டும்தான் ஞாபகம் வரும். அந்தக் காட்டுல அப்படிச் சொன்னா யாருக்கும் புரியாது. என்ன சோறுன்னு கேட்பாங்க. அதனாலதான் ‘நெல்லுச்சோறு’ன்னு தனியாப் பேர் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போ அந்தக் காட்டில் என்ன இருக்கு?

இன்னைக்கு அந்த ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் மக்காச்சோளமும் பருத்தியும். தமிழ்நாட்டிலேயே மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. செட்டிகுளம் பக்கம் போனா சின்ன வெங்காயம். காத்து போற மாதிரிப் பட்டறை போட்டு மாசக்கணக்கில் சேர்த்து வெச்சிருப்பாங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. அந்த மக்காச்சோளத்தை எங்க ஊர்ல யாரும் சாப்பிடுறதில்லை. அறுவடை முடிஞ்சதும் மூட்டை கட்டி லாரியில ஏறுது. பெரும்பாலும் நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகுது. கோழி சாப்பிடுது, முட்டை வருது, நாம முட்டை வாங்குறோம். அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. அங்கே ஒரு ஆமிஷ் வீட்டில் அதைக் களி கிண்டிச் சாப்பிடுறாங்க. இங்கே நம்ம களி விளைஞ்ச நிலத்துல அதைப் போட்டுக் கோழிக்கு அனுப்புறோம்.

விவசாயியைக் குறை சொல்றதுக்காக இதைச் சொல்லல. மக்காச்சோளத்துக்கு வாங்குறதுக்கு ஆள் இருக்கு, கையில காசு வருது. வரகு போட்டா யார் வாங்குவா? ஆனா ஒரே பயிரை நம்பினா என்ன ஆகும்னும் பார்த்துட்டோம். 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காட்டையெல்லாம் குருத்தோட தின்னுட்டுப் போச்சு. பெரம்பலூர் விவசாயிங்களுக்கு அந்த வருஷம் இன்னும் மறக்கல.

சரி, கேள்விக்கு வருவோம். கம்பஞ்சோறு எங்கே போச்சு?

வழக்கமா ஒரு பதில் சொல்லுவோம்: ‘ஜனங்களுக்கு நாக்கு மாறிப்போச்சு. நாகரிகம்னு அரிசிக்குப் போயிட்டாங்க.’ இன்ஸ்டாகிராம்ல பாரம்பரிய உணவுன்னு போடுற வீடியோவில் பாதி இந்த வருத்தத்தோடதான் ஆரம்பிக்கும். நான் இந்த எபிசோடுக்காக எங்க அப்பாயிக்கிட்டயே கேட்டேன். அப்பான்னா அப்பாவோட அப்பா இல்லீங்க, அப்பாயின்னா அப்பாவோட அம்மா. திருச்சி, பெரம்பலூர் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். போனை ரெக்கார்டிங்கில் வெச்சுட்டு, “ஏன் அப்பாயி கம்பஞ்சோறு ஆக்குறதை விட்டீங்க?”ன்னு கேட்டேன்.

“ஏன்டா, நீ இடிச்சுத் தர்றியா?”ன்னு கேட்டாங்க.

அதுதான் பதில். இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரு வரியோட விளக்கம்தான்.

ஒரு பானை சோறுக்கு எவ்வளவு வேலை?

கம்பை அப்படியே வேக வெச்சுச் சாப்பிட முடியாது. முதல்ல தண்ணி தெளிச்சுப் பிசறி, கொஞ்ச நேரம் ஊற விடணும். உரல்ல போட்டு உலக்கையால இடிச்சா மேல் தோல் கழண்டு வரும். முறத்துல போட்டுப் புடைக்கணும். மறுபடியும் உரல், மறுபடியும் உலக்கை. இந்தத் தடவை தானியம் உடைஞ்சு, பாதி குருணை, பாதி மாவு ஆகும். சலிச்சு ரெண்டையும் தனியாப் பிரிக்கணும். இவ்வளவுக்கும் அப்புறம்தான் அடுப்புல உலை வைக்கணும்.

சரி, ஒரே நாள்ல ஒரு மாசத்துக்கு இடிச்சு வெச்சுக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். முடியாது. கம்புல எண்ணெய்ச் சத்து அதிகம். இடிச்சு மாவாயிட்டா அந்த எண்ணெய் காத்துப் பட்டுச் சீக்கிரம் கெட்டு, சில நாளிலேயே மாவு கசக்க ஆரம்பிச்சிரும். அதனால அன்னன்னைக்கு இடிச்சாத்தான் உண்டு. தீட்டின வெள்ளை அரிசி அப்படி இல்ல, மாசக்கணக்கா மூட்டையில கிடக்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் ஒரு பொம்பளையோட காலை நேரம் முழுசையும் தீர்மானிச்சது.

வரகு இன்னும் மோசம். தோல் மேல தோலா பல அடுக்கு. திரிகையில அரைச்சு, புடைச்சு, மறுபடி உரல்ல குத்தி, ஒரு படி வரகரிசி எடுக்கிறதுக்குள்ள கை காய்ச்சுப் போயிரும். அப்பாயி சொன்னது: “விடியக்காலம் கோழி கூப்பிட எந்திரிச்சு இடிக்கணும். ஆக்கி வெச்சுட்டுக் காட்டுக்குக் களை வெட்டப் போகணும். சாயங்காலம் வந்து மறுபடி இடிக்கணும். இதுல உனக்குக் கம்பஞ்சோறு ருசியா இருந்துச்சான்னு ஞாபகம் வேறயா?”

இந்த உலக்கையை ஆம்பளைங்க யாரும் பிடிச்சதா அப்பாயிக்கு ஞாபகம் இல்ல.

அரிசி ஜெயிச்சது எப்படி?

இப்போ வரிசையாப் பாருங்க. முதல்ல ரைஸ் மில் வந்தது. நெல்லை மூட்டையாக் கொண்டு போனா அரிசியாத் திரும்பி வரும். உரல் வேலை அங்கேயே முடிஞ்சது. ஆனா கம்புக்கும் வரகுக்கும் அப்படித் தோல் நீக்குற மெஷின் ஊர்ல வரல. மாவு மில்லு இருந்தது, ஆனா அதுக்கு முன்னாடி தோல் நீக்குற வேலை வீட்டிலேயேதான் நின்னது.

அடுத்து ரேஷன். 1967 தேர்தலிலேயே அரிசி விலை ஒரு பெரிய பிரச்சினை. 2008 செப்டம்பர்ல கிலோ ஒரு ரூபாய். 2011 ஜூன்ல இருந்து இலவசம். பஞ்சத்தையும் பட்டினியையும் தெரிஞ்ச ஒரு தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நாம இங்கே உட்கார்ந்து சாதாரணமாச் சொல்லிடக் கூடாது. மழை பெய்யலேன்னாலும் அடுப்பு எரியும்கிற தைரியம் அது.

மூணாவது விஷயம் கொஞ்சம் கசப்பு. நெல்லுச்சோறு யார் வீட்டுல, கூழு யார் வீட்டுலங்கறது வெறும் காசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்ல, சாதி சம்பந்தப்பட்டதும்தான். காட்டு வேலைக்குப் போனவங்களுக்குக் கூலியாக் கிடைச்சது கம்போ சோளமோ. மத்தியானம் ஊத்தினது கூழ். அந்தக் கூழையும் எப்படி, எந்தப் பாத்திரத்துல, எந்த இடத்துல உட்கார வெச்சு ஊத்தினாங்கன்னு கேட்டா, ‘பாரம்பரியம்’கிற வார்த்தையை அவ்வளவு சுலபமாச் சொல்ல வராது. அவங்க வீட்டுப் பிள்ளைங்க வெள்ளைச் சோறு சாப்பிட ஆசைப்பட்டது நாக்கு மாறினதால இல்ல. மரியாதைக்காக.

அதனால, கம்பஞ்சோறு போனது ஒரு இழப்புதான். ஆனா அது போனதுல ஒரு விடுதலையும் இருந்தது. இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லாம அதைத் திரும்பக் கொண்டு வரப் பேசறது நியாயமே இல்ல.

ஆமிஷ் வீட்டில் ஏன் போகவில்லை?

இங்கேதான் மறுபடி ஆமிஷ் பக்கம் போறேன். அவங்க பழைய சாப்பாடு ஏன் இன்னும் இருக்கு? மெஷினே வேண்டாம்னு சொன்னதாலயா? அப்படித்தான் நாம நினைக்கிறோம். ஆனா அது சரியில்ல. நிறைய ஆமிஷ் வீடுகளில் கேஸ் அடுப்பு இருக்கு, கேஸ்ல ஓடுற ஃபிரிட்ஜ் இருக்கு. சில இடங்களில் அழுத்தக் காற்றில் ஓடுற மிக்சிகூட உண்டு. அவங்க மெஷினை மறுக்கல. எந்த மெஷின் வரலாம், எது வரக் கூடாதுன்னு ஒவ்வொரு சபையும் உட்கார்ந்து முடிவெடுக்குது.

இன்னொண்ணு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவங்க வழிபாடு நடக்கும். கோயில் கட்டடம் கிடையாது, முறை வெச்சு ஒவ்வொரு வீட்டுல நடக்கும். முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு. அந்தச் சாப்பாடு எந்த வீட்டுக்குப் போனாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: ரொட்டி, தடவிக்க வேர்க்கடலை வெண்ணெய், ஊறுகாய், காபி. யாரும் யாரையும் மிஞ்சி விருந்து வைக்கக் கூடாது. முறை வர்ற வீட்டுப் பெண் தனியா உடைஞ்சு போகவும் கூடாது. மத்த பெண்களும் கூட வந்து வேலை செய்வாங்க. அங்கேயும் சமையல் பெண்கள் வேலைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனா அந்த வேலை ஒருத்தி தலையில மட்டும் விடியறதில்ல.

நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு இல்லையா? இருக்கு! ஆடி மாசம் மாரியம்மன் கோயில் கூழ். வீடு வீடா மாவு வாங்குவாங்க. பெரிய அண்டாவுல ஊரே சேர்ந்து காய்ச்சும். ஆம்பளைங்களும் துடுப்புப் பிடிச்சுக் கிண்டுவாங்க. கூட முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. எல்லாரும் சொம்பு எடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போவாங்க. வீட்டுக்குள்ள தினமும் நடந்த கூழ் நின்னு போச்சு. கோயில்ல வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கூழ் இன்னும் நடக்குது. வேலையைப் பங்கு போட்ட சாப்பாடு மிஞ்சியிருக்கு. ஒருத்தி முதுகுல நின்ன சாப்பாடு போயிருச்சு.

சரி, நம்ம கிச்சன்ல எப்படி?

நல்ல செய்தி என்னன்னா, அந்த உரல் வேலையை இப்போ மிக்சி செய்யும். அப்பாயி சொல்லச் சொல்ல நான் செஞ்சு பார்த்த அளவு இது. மூணு பேருக்குப் போதும்.

ஒரு டம்ளர் முழுக் கம்பு. கல் இருந்தாப் பொறுக்கி, கழுவி, தண்ணியை நல்லா வடிச்சு, ஈரத்தோட 20 நிமிஷம் மூடி வையுங்க. மிக்சியில போட்டு நாலைஞ்சு தடவை விட்டு விட்டுச் சுத்துங்க. தொடர்ந்து ஓட விடாதீங்க, மாவாயிரும். தட்டுல கொட்டிக் கொஞ்சம் காத்தாட விட்டுப் புடைச்சாத் தோல் பறக்கும். முறம் இல்லையா, பரவாயில்ல, பால்கனியில தட்டைப் பிடிச்சு வாயால ஊதுங்க. மறுபடி மிக்சியில ரவை பதத்துக்கு உடைச்சு, சலிச்சு, குருணையும் மாவும் தனியா எடுத்து வையுங்க.

அடி கனமான பாத்திரத்துல நாலு டம்ளர் தண்ணி, உப்பு. கொதிச்சதும் முதல்ல குருணை. அடிபிடிக்காமக் கிண்டி 15 நிமிஷம் சிறு தீயில வேகட்டும். அப்புறம் மாவை அரை டம்ளர் தண்ணியில கரைச்சு ஊத்தி, கட்டி தட்டாமக் கிண்டி, இன்னும் 10 நிமிஷம். கையைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாருங்க. ஒட்டலேன்னா வெந்திருச்சு. மூடி வெச்சு 10 நிமிஷம் புழுங்க விடுங்க.

தொட்டுக்கப் புளிச்சக்கீரை. ஒரு கட்டுக் கீரை, கையளவு சின்ன வெங்காயம், அஞ்சாறு பல் பூண்டு, நாலு வரமிளகாய், உப்பு, கொஞ்சம் தண்ணி. வேக வெச்சு மத்தால கடைஞ்சு, நல்லெண்ணெயில கடுகு தாளிச்சுக் கொட்டுங்க. சூடான கம்பஞ்சோறு நடுவுல குழி பண்ணி, கடையலை விட்டு, மேல இன்னொரு ஸ்பூன் நல்லெண்ணெய். வேற ஒண்ணும் வேண்டாம்.

மிச்சமான சோறை உருண்டை பிடிச்சு, முங்குற அளவு தண்ணி ஊத்தி வெச்சிருங்க. காலையில அந்தத் தண்ணியோடவே கரைச்சு, மோரும் உப்பும் சேர்த்தா கம்பங்கூழ். சின்ன வெங்காயம் கடிச்சுக்குங்க, வறுத்த மோர் மிளகாய் இருந்தா யோகம். மாசச் சாமான்ல கம்பு மாவு வாங்குறவங்க சின்னப் பாக்கெட்டா வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்க. ஏன்னு மேலயே சொல்லிட்டேன், கசந்து போகும்.

இவ்வளவுக்கு நேரம் இல்லாத நாளுக்கு வரகரிசி இருக்கு. ஒரு டம்ளருக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி, அரை மணி நேரம் ஊற வெச்சா கால் மணி நேரத்துல சோறு. கடையில வாங்கும்போது பளிச்சுன்னு வெள்ளையா இருக்கிறதை விட்டுட்டு, கொஞ்சம் பழுப்பா இருக்கிறதை எடுங்க. வெள்ளையாத் தீட்டிட்டா தவிடும் நாரும் போயிரும், அப்புறம் அரிசிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? சுகர் இருக்கிறவங்க, சிறுதானியம்னு சொல்லி அளவில்லாமச் சாப்பிடாதீங்க. நைசா அரைச்ச மாவுல கிண்டின களியும் சர்க்கரையை ஏத்தும்.

ஐ.நா. 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. அதே வருஷம் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற திட்டமும் வந்தது. நல்ல ஆரம்பம். ஆனா கேழ்வரகுக்கு மாவு மில்லு போதும். கம்பும் வரகும் திரும்பணும்னா, குரும்பலூர் மாதிரி ஊர்கள்ல தோல் நீக்குற மெஷின் நடக்கிற தூரத்துல இருக்கணும். விளைவிக்கிறவங்க அதைத் தங்கள் வீட்டுலயே சாப்பிடணும். நமக்கு மட்டும் பாக்கெட்டுல வந்தா, அது மக்காச்சோளம் மாதிரி ஊரை விட்டு லாரியில போற இன்னொரு சரக்குதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். இந்த வாரம் கம்பஞ்சோறு செஞ்சு பார்க்கணும்னு தோணினா, தயவு செஞ்சு இந்த எபிசோடை அம்மாவுக்கோ மனைவிக்கோ ஃபார்வர்ட் பண்ணி ‘ஞாயித்துக்கிழமை இதைச் செய்யலாமா’ன்னு கேட்காதீங்க. தோல் புடைக்கிற வேலையை நீங்க எடுத்துக்குங்க. ரெண்டு மூணு பேரா இருந்தா ஒருத்தர் கிண்ட, ஒருத்தர் கீரை ஆய, ஒருத்தர் பாத்திரம் கழுவுங்க. அடுத்த வாரம் யார் வீட்டுலன்னு முறை வெச்சுக்குங்க.

உங்க ஊர்ல அரிசி வர்றதுக்கு முன்னாடி என்ன சோறு இருந்துச்சு, யார் இடிச்சாங்கன்னு வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.